தோட்டத்து வாலிபரும் சிறு மன்றங்களும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைக்கு அவ்வாய் எங்கிருந்து வரும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. தாய்மடியிலும் பள்ளிப் பலகையிலும் அது தானே வந்துவிடும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை உற்று நோக்குவார்க்கு அவ்வெண்ணம் பிழையென்பது விளங்கும். பத்துப் பேர் வட்டமாய் உட்கார்ந்து, ஒருவர் பேச ஏனையோர் கேட்டு, பின் மற்றொருவர் எழுந்து மறுத்துரைக்கும் சிறு கூட்டங்களிலேதான் நம் வாலிபர் பலர் வாய் பெற்றனர். அக்கூட்டங்கள் அருகிவரும் இந்நாளில் அவற்றின் கதையைச் சுருங்கக் கூறுதல் நலமெனக் கருதுகின்றோம்.

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்திலுள்ள எம் ரெங்கம், இருப்புப்பாதையாலும் ரப்பராலும் வளர்ந்த ஊர்களில் ஒன்று. 1909 ஆம் ஆண்டில் ஜொகூரை ஊடறுத்து இருப்புப்பாதை போட்டு முடித்தபின் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களோடு லயங்களும், லயங்களில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்களும் நிறைந்தன. துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, எல்லார்க்கும் கீழே பால் வெட்டும் தொழிலாளி என்பதே தோட்டத்தின் ஒழுங்கு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுப்பது முதல் அந்தியில் லயம் திரும்புவது வரை தொழிலாளிக்கு வேண்டியிருந்தது கேட்கும் செவியே. கேள்வி கேட்கும் வாயை அவ்வொழுங்கு விரும்பவில்லை.

பள்ளி இதனை மாற்றியதோ எனின், சிறிதே மாற்றியது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்குந் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டுமென்று விதித்தது. சட்டம் நல்லதே. ஆயினும் பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்ததும் உண்டு. காலையிற் கூலிக்கு ஆள் எண்ணியவரிடமே மாலையில் எழுத்துக் கற்ற பிள்ளை, அவர்முன் நிமிர்ந்து பேசக் கற்றிருக்குமா? யாமும் கிராணி உத்தியோகம் பார்ப்பவராதலின் இதனைப் பிறர்மேற் பழியாகச் சொல்லவில்லை. எம் மேசையும் அவ்வொழுங்கின் ஓர் உறுப்பேயாகும்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1929 ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்கள் மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கொள்கைகளைப் பிரசங்கித்தார். 1932 இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 இல் திரு. கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசைத் தொடங்கினார். அக்காலத்திற் பத்திரிகை தோட்டத்துக்குள் சென்ற வழி யாதெனின், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதார் சூழ்ந்திருந்து கேட்டதே. கேட்டவர் சும்மா இருப்பரோ? பொருள் வினவுவர், சாதியைப் பற்றியும் கள்ளைப் பற்றியும் தர்க்கிப்பர். படிப்பவரும் கேட்பவரும் ஒரே பாயில் அமர்ந்தனர். தோட்டத்தில் உயர்வு தாழ்வின்றி அமரக் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே, அவற்றுள் இஃதொன்று.

அதன் விளைவை 1941 ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்திற் காண்கின்றோம். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் கூலி உயர்வைக் கேட்டதோடு நில்லாது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றனர். துரைக்கும் அலுவலகத்தார்க்கும் எதிரே சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றனர். கூலி வயிற்றுக் கோரிக்கை. சைக்கிளோ மானக் கோரிக்கை. அரசாங்கம் நாதனை நாடுகடத்தியது, இராணுவம் அழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். ஒரு பாயிற் சமமாய் அமர்ந்து பழகியவன் சைக்கிளிலிருந்து இறங்க மனங்கொள்ளான் என்பதே அவ்வாண்டு கற்பித்த பாடம்.

பின்னர் யுத்தம் வந்தது. 1943 இல் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை சிங்கப்பூரில் அமைந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி ஏந்தின. யுத்தம் ஓய்ந்தபின், 1946, 1947 ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. வாலிபர் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தனர். 1947 இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் நேர்ந்து, அப்படை ஒடுக்கப்பட்டது. அணிவகுப்பு வாலிபர்க்கு உடல் நிமிர்வையும் கட்டுப்பாட்டையும் தந்தது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் ஒருவர் கட்டளையிடப் பலர் நடக்கும் அமைப்பில், தலைவரைப் பிடித்துவிட்டால் அணி கலைகின்றது. எல்லாரும் பேசிப் பழகிய வட்டத்தை அவ்வளவு எளிதிற் கலைக்க இயலாது.

அத்தகைய வட்டம் 1950களின் தொடக்கத்தில் உருவாயிற்று. தமிழ் முரசு மாணவர் எழுத்துக்களுக்கென மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைத் தொடங்கியது. தாளில் எழுதிய பிள்ளைகள் நேரிற் கூட விரும்பினர். ஊர்தோறும் மணிமன்றங்கள் கிளைத்தன. பின்னர் அவை மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் நாடளாவிய இயக்கமாய் வளர்ந்தன. மன்றத்திற் செய்தது யாது? பேசினர், விவாதித்தனர், எழுதினர். பதினாறு வயதுப் பையன் செயலாளனானான். கூட்டக் குறிப்பு எழுதக் கற்றான். மற்றொருவன் பொருளாளனாகிச் சில வெள்ளிகளுக்குக் கணக்குக் காட்டினான். தோட்டத்தில் எழுத்தும் கணக்கும் அதுவரை அலுவலகத்துக்கே உரியனவாய் இருந்தன என்பதை எண்ணினால், அப்பையன் கைக்கு வந்தது எத்துணைப் பெரிய உடைமை என்பது புலனாகும்.

பிற நாட்டாரும் இவ்வுண்மையைக் கண்டவரே. சுவீடனில் மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன், 1902 இல் லுண்ட் நகரில் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார். ஏழைத் தொழிலாளர் சிலர் கூடி, நூலைப் படித்துத் தமக்குள்ளே விவாதித்தனர். இங்கிலாந்தில் 1907 ஆம் ஆண்டு பேடன் பவல், ஏறத்தாழ 20 சிறுவரைப் பிரவுன்சீ தீவுக்கு அழைத்துச் சென்று, செல்வர் பிள்ளைகளையும் உழைப்பாளர் பிள்ளைகளையும் ஒன்றாய்க் கலந்து நான்கு சிற்றணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்தது. தன்னை அறிதல், பிறர் துன்பம் உணர்தல், முடிவெடுத்தல், தெளிவுறப் பேசுதல், சினத்தையும் கவலையையும் ஆளுதல் முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்றேனும் தனித்திருந்து மனனஞ் செய்து பெறத்தக்கதோ? பெருங்கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், பத்துப் பேரில் ஒளிய இடமில்லை. அங்கு முறை எல்லார்க்கும் வரும். பிழை செய்தால் சிரிப்பவர் சிலரே, அவரும் நண்பரே.

இனி இந்நாள் நிலையைக் கூறுவாம். ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. வேலைக்கு அயல்நாட்டார் வந்தனர். நம் குடும்பங்கள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் சிதறின. லயத்தோடு லயத்து முற்றமும் போயிற்று. முற்றத்தோடு வட்டமும் போயிற்று. எஞ்சிய சங்கங்கள் சிலவற்றில் ஆண்டுக்கொரு மேடையும் மாலையும் பொன்னாடையுமே நடக்கின்றன. மேடையிற் பேசுவோர் முதியோர், நாற்காலி அடுக்குவோர் வாலிபர்.

வட்டம் இல்லாத பையன் வட்டம் தேடாமல் இருப்பானோ? குண்டர் கும்பலும் ஒரு சிறு வட்டமே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அது அவனுக்கு ஓர் இடந் தருகின்றது, ஒரு பெயர் தருகின்றது, தோழரைத் தருகின்றது. நாம் கொடுக்காததை அது கொடுக்கின்றது. அதன் விலையை அவனும் அவன் தாயும் பின்னர்ச் செலுத்துகின்றனர்.

சில மாதங்களுக்கு முன் தொழிலாளி ஒருவர் தம் மகனுடன் எம் அலுவலகச் சன்னலண்டை வந்தார். ஐந்தாம் படிவம் தேறிய பிள்ளை, விண்ணப்பமும் அவனுடையதே. யாம் அவனைக் கேட்டோம். அவன் தரையைப் பார்த்தான். "அவன் பேசமாட்டான், ஐயா" என்று தந்தையார் இரக்கமாய்ச் சொன்னார். யாமும் அவரையே கேட்டு எழுதி முடித்தோம். வேலை விரைவில் முடிந்தது. அவர்கள் போனபின்னரே எமக்கு உறைத்தது: பழைய ஒழுங்கை யாம் அன்றும் ஒருமுறை நடத்திவைத்தோம்.

நற்பணி செய்வோர் இல்லாமலில்லை. 1979 முதல் கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியமும், 1982 முதல் ஸ்ரீ முருகன் நிலையமும் நம் பிள்ளைகளின் கல்விக்குப் பாடுபட்டுவருகின்றன. சிலாங்கூர்க் கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை விட்டு விலகிய வாலிபரைத் தங்கவைத்துத் தொழிலும் வாழ்க்கைப் பயிற்சியும் அளிக்கின்றது. ஆயினும் கலும்பாங் ரெங்கத்துக்கு வந்துவிட முடியாது. ரெங்கத்தின் வட்டத்தை ரெங்கத்தாரே கூட்டல் வேண்டும்.

அதற்குக் கட்டடம் வேண்டுவதில்லை. ஆணும் பெண்ணுமாய்ப் பத்துப் பேர், வாரம் ஒரு மாலை, ஒரு செய்தித்தாள், ஒரு குறிப்பேடு போதும். தலைமை வாரந்தோறும் மாறல் வேண்டும். பெண்பிள்ளைகள் தேநீர் கொடுப்பதற்கென்று அழைக்கப்படலாகாது. பேசி முடித்ததில் ஒன்றையேனும் அவர்களே செய்து முடித்தல் வேண்டும், அஃது ஒரு மனு எழுதுவதாயினும் சரியே. பெரியோர்க்குள்ள வேலை, இடங் கொடுத்துவிட்டு வாய் மூடி இருத்தல்.

எம்மைப் பொறுத்தவரை, அடுத்தமுறை அச்சன்னலண்டை வாலிபர் யாரேனும் வந்தால், தந்தையாரை அமரச் சொல்லிவிட்டுப் பிள்ளை பேசும்வரை காத்திருப்பதென முடிவு செய்திருக்கின்றோம். வேலை தாமதமாகும், ஆகட்டும்.