லோரிக் கதவின் எழுத்துகள்: ஓர் உரிமச் சீட்டின் வரலாறு

கரங்கான் கடைத்தெரு வழியே செம்பனைப் பழக்குலையோ கல்லோ மணலோ ஏற்றிச் செல்லும் லோரியின் கதவை நின்று படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் அக்கதவு ஒரு சிறு சாசனம். உரிமையாளர் பெயரும் முகவரியும், சுமையில்லாத போதுள்ள எடை, சுமையோடு கூடிய எடை, உரிமத்தின் வகை ஆகியவை அதில் தீட்டப்பட்டிருக்கும். எடைகளுக்குரிய மலாய்ச் சுருக்கெழுத்துகள் இரண்டும் தமிழில் எழுதினால் 'பி.டி.எம்.' என ஒன்றாகவே தோன்றும் என்பது தமிழாசிரியர்க்கு வேடிக்கையான செய்தி. உரிம வகையோ 'ஏ' அல்லது 'சி' என ஓரெழுத்தில் நிற்கும். அவ்வெழுத்து எங்கிருந்து வந்தது, அது எதற்கு உறுதி கூறுகிறது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

சுமை வண்டியின் பாதுகாப்பு பற்றிய கவலை தமிழர்க்குப் புதிதன்று. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் செல்லும் உமணர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியை, ஔவையார் பாடிய 102-ஆம் புறப்பாட்டு அறிவிக்கிறது. புகார்த் துறையில் சுங்க அதிகாரிகள் பண்டங்களின்மேல் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அரசு முத்திரையிட்டது பண்டத்துக்கு, அதுவும் வரிக்காக. அச்சு முறியுமா என்பது வண்டிக்காரன் பாடு. பதிவு வேறு, பாதுகாப்பு வேறு என்ற இப்பிரிவு பிற்காலத்திலும் எளிதில் நீங்கவில்லை.

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் மேலாண்மைக்குள் வந்தது. இருப்புப்பாதை சுங்கைப் பட்டாணி வழியே வடக்கு நோக்கிச் சென்று 1915-இல் அலோர் ஸ்டாரை அடைந்தது. கூலிம் வட்டாரம் அப்பாதைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. ஆகவே கரங்கான், பாடாங் செராய்ப் பகுதித் தோட்டங்களின் ரப்பர் பினாங்குத் துறைமுகம் செல்லச் சாலையையே நம்ப வேண்டியதாயிற்று. முதலில் மாட்டு வண்டி, பின்னர் லோரி. கெடாவில் பதிவான வண்டிகளின் எண் பலகையில் 'கே' என்னும் எழுத்து முன்னிற்பது இன்றளவும் காணக்கூடியது. எனினும் எண் பலகை வண்டி எதுவெனக் காட்டுமேயன்றி, அதைக் கூலிக்கு ஓட்டும் தகுதி எவருக்குண்டு எனக் காட்டாது. அத்தகுதியைக் குறிப்பதே கதவிலுள்ள எழுத்து.

அதன் பிறப்பிடம் இங்கிலாந்து. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே லோரிகள் பெருகி இருப்புப்பாதைக் கம்பெனிகளின் வருமானத்தைக் குறைத்தன. 1932-இல் சர் ஆர்தர் சால்ட்டர் தலைமையில் இருதரப்புப் பிரதிநிதிகளும் கூடி ஆராய்ந்தனர். அதன் விளைவே 1933-ஆம் ஆண்டுச் சாலை-இருப்புப்பாதைப் போக்குவரத்துச் சட்டம். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவோர்க்கு 'ஏ', சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுவோர்க்கு 'சி', இரண்டும் செய்வோர்க்கு 'பி' என உரிமங்கள் வகுக்கப்பட்டன. வண்டி செம்மையாக இருக்க வேண்டும், ஓட்டுநரின் வேலை நேரம் குறித்து வைக்கப்பட வேண்டும் என்ற விதிகளும் அச்சட்டத்தில் உண்டு. ஆயினும் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. 'ஏ' உரிமம் கேட்போர்க்கு இருப்புப்பாதைக் கம்பெனியே எதிர்வழக்காட முடியும். ஏற்கனவே உள்ள வசதி மிகுதி என்று கண்டால் உரிமம் மறுக்கப்படலாம். போட்டியை அடக்குவதே அவ்வெழுத்தின் முதற்பணி. உயிரைக் காப்பது இரண்டாவது பணி.

இவ்வெழுத்து முறை பேரரசின் சட்டங்கள் வழியே மலாயாவிலும் வேரூன்றியது. தோட்டத்தின் சரக்கைத் தோட்டத்தின் லோரியே ஏற்றினால் 'சி', ஊர்ச் சரக்கைக் கூலிக்கு ஏற்றினால் 'ஏ' என்னும் வேறுபாட்டைத் தோட்டக் கிராணிமார் நன்கறிவர். 1946-இல் சாலைப் போக்குவரத்து இலாகா தோன்றியது. 1958-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. 1987-இல் அது இரண்டாகப் பிரிந்தது. வண்டியையும் ஓட்டுநரையும் ஒரு சட்டம் கவனிக்க, வாணிக வண்டிகளின் உரிமத்தைத் தனி வாரியம் ஏற்றது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீபகற்பத்தில் அவ்வாரியத்தின் பணி 'ஸ்பாட்' ஆணையத்துக்கும், 2019 முதல் 'அபாட்' நிறுவனத்துக்கும் மாறிற்று. வண்டிச் சோதனை 1994 முதல் 'புஸ்பாகோம்' வசம் இருந்தது. அதன் தனியுரிமை 2024 ஆகஸ்டில் முடிவுற்றது. கம்பெனியின் பதிவோ வேறோர் ஆணையத்தில். ஒரு லோரியின் முழு வரலாற்றை அறிய விரும்புவோர் இத்தனை வாயில்களையும் தட்டியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு வாயிலும் நான்கு சாவியும் இருப்பது போன்றதன்று இது. நான்கு வாயில்களும் நான்கு வேறு வீடுகளில் இருக்கின்றன.

இங்கிலாந்து தன் எழுத்துகளை 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிடத் தொடங்கியது. 'சரக்கு ஏற்றத் தேவை உண்டா?' என்ற கேள்வி நீங்கி, 'நடத்துவோன் தக்கவனா, வண்டியைப் பேண வசதி உண்டா?' என்ற கேள்வி அதன் இடத்தைப் பெற்றது. பெயர் மாற்றம் போலத் தோன்றினும் இது பெரிய திருப்பம். மலேசியாவிலோ 'ஏ'யும் 'சி'யும் கதவுகளில் நிலைத்தன. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட எதற்கும் விலை ஏற்படும், பெர்மிட்டுக்கும் ஏற்பட்டது. உரிமம் பெற்றவர் ஒருவர், அதை வாடகைக்கு எடுத்து வண்டி ஓட்டுவிப்பவர் இன்னொருவர் என்ற வழக்கம் வளர்ந்தது. மலாயில் இதற்குப் 'பாஜாக்' என்று பெயர். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். பிறர் உயிருக்கான பொறுப்பை எங்ஙனம் குத்தகைக்கு விடுவது?

அதற்கு விடை 2025-ஆம் ஆண்டு கொடிய முறையில் வந்தது. மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே சரளைக்கல் லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியும் மோதி ஒன்பது போலீசார் மாண்டனர். ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 9 அதிகாலை, கிரிக் அருகே பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர் பதினைவர் உயிரிழந்தனர். ஆசிரியத் தொழிலுக்குப் பயிற்றும் நிறுவனத்தின் பிள்ளைகள் அவர்கள். அப்பேருந்தின் உரிமம் பெற்ற கம்பெனி அதனை மூன்றாமவர்க்கு விட்டிருந்தது என்ற காரணத்தால் அவ்வுரிமம் சில நாட்களிலேயே ரத்துச் செய்யப்பட்டது. அதன் பின்னரே உரிமக் குத்தகை நாடெங்கும் பேச்சாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாயிற்று.

கருவியின் நிலையைச் சோதனையாளர் அறிவர். சாலையோரம் நிற்பவர் அறிய இயலாது. அவர் படிக்கக்கூடியது இன்னும் கதவே. 'சி' என்று எழுதிய லோரி பிறருடைய பழக்குலையைக் கூலிக்கு ஏற்றிச் செல்வதும், தீட்டிய எடைக்குமேல் மணல் குவிந்து பின்சக்கரம் அமுங்கிச் செல்வதும் கரங்கான் தெருமுனையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியும். தெரியாதது ஒன்று. கதவிலுள்ள பெயருக்கு உரியவர், அந்த ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பவர்தாமா என்பது.