நடுக்கடலில் நலம், நலமறிய ஆவல்

ஐரோலியில் வீடு என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் உடனே, "அப்ப கடல் பக்கத்துலதான் இருக்கீங்க" என்கிறார்கள். எங்கள் பக்கம் இருப்பது தாணே கழிமுகம். சேறும், சதுப்பு நில மரங்களும், பருவத்தில் வந்து நிற்கும் பூநாரைக் கூட்டமும்தான். அலை அடிக்கிற கடலைப் பார்க்க ரயில் ஏற வேண்டும். இருந்தாலும் சின்னப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றியவர்களின் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பி.காம் படித்து வங்கியில் உத்தியோகம் பார்ப்பவருக்குப் படகோடு என்ன சகவாசம் என்று வீட்டில் கேட்பதுண்டு :-)

சகவாசம் இருக்கிறது. முப்பது அடிப் படகில் இடம் குறைவு, பேட்டரி குறைவு, பெரும்பாலும் பணமும் குறைவு. வானிலை அறியவும் கரையோடு பேசவும் எந்தக் கருவியை வாங்குவது, எதை விடுவது? கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தொடங்குவது இதே பம்பாயில். அது வந்து சேரும் இடமோ எங்கள் குமரி மாவட்டத்துக் கடல்.

1960களில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், பம்பாயில் தேக்கு மரத்தில் 32 அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டுவித்தார். நம்மூர் தச்சர்கள் கையால் இழைத்த படகு. பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் சொல்லும் பெயர் அது. 1968-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது: தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் சுஹைலிக்காரர் ஒருவர்தான். 1968 ஜூன் 14-ல் புறப்பட்டு 1969 ஏப்ரல் 22-ல் திரும்பினார். 312 நாட்கள்.

அவரிடம் ரேடியோ இருந்தது. ஆனால் பாதி வழி போவதற்குள் சேதி அனுப்பும் வசதி பழுதாகிவிட்டது. நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அதன்பிறகு நான்கு மாதத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. 1969 ஏப்ரல் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளின் பக்கம் ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு விளக்கை அணைத்து அணைத்துக் காட்டிச் சேதி சொன்ன பிறகுதான், அவர் உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அதுவரை அவர் வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே போட்டியில் பிரெஞ்சுக்காரர் மொய்த்தெசியே, ரேடியோவே வேண்டாம் என்று போனவர். சேதியை டப்பாவில் போட்டுக் கவண் கட்டி, எதிரே வரும் கப்பலின் மேல் தளத்தில் எறிவார். டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்பவரிடம் ரேடியோ இருந்தது. அதில் அவர் பொய்யான இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலையில் அவருடைய படகு மட்டும் ஆளில்லாமல் கிடைத்தது. ஒரே போட்டியில் கெட்டுப்போன ரேடியோ, வேண்டாமென்ற ரேடியோ, பொய் சொன்ன ரேடியோ!

சரி, இன்றைக்குக் கடைக்குப் போனால் என்னென்ன கிடைக்கும்? நான் பேரேடு எழுதுகிறவன். அதனால் வரவு, பற்று என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்கிறேன். படகுக்கு வரும் தகவல் வரவு. படகிலிருந்து போகும் தகவல் பற்று.

வரவு மட்டும் உள்ளவை: பாரோமீட்டர். காற்றழுத்தம் மளமளவென்று இறங்கினால் பாயைச் சுருட்டு என்று அர்த்தம். பேட்டரியே வேண்டாம். அடுத்து நாவ்டெக்ஸ். 518 கிலோஹெர்ட்ஸில் கரை நிலையங்கள் அனுப்பும் புயல் எச்சரிக்கையைத் தானாக வாங்கி எழுத்தாகக் காட்டும் பெட்டி. மும்பையிலிருந்தும் அனுப்புகிறார்கள். சுமார் 250 கடல் மைல் வரை எட்டும். அதற்கும் அப்பால் போனால் வெதர் ஃபேக்ஸ். வானிலை வரைபடத்தையே ரேடியோ அலையில் பிடித்துத் தரும்.

பற்று மட்டும் உள்ளது எபிர்ப் என்னும் அபாய அறிவிப்புக் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் கூவும். 1982-ல் வேலை செய்யத் தொடங்கிய கோஸ்பாஸ்-சர்சாட் ஏற்பாடு அதைக் கேட்டு மீட்புப் படைக்குச் சொல்லும். இந்தியாவில் பெங்களூரிலும் லக்னோவிலும் இதற்கு நிலையங்கள் உண்டு. ஆனால் வழக்கமான எபிர்ப், "ஆபத்து, இங்கே இருக்கிறேன்" என்பதற்கு மேல் பேசாது. நாம் கூவியது யார் காதிலாவது விழுந்ததா என்றும் தெரியாது.

இரண்டு பத்தியும் உள்ளவை மூன்று. நம் மீனவர்கள் 'வயர்லெஸ்' என்று சொல்லும் வி.எச்.எஃப் மலிவு, சுலபம். ஆனால் அதன் அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்குப் பின்னால் எட்டாது. படகுக்குப் படகு பத்துப் பதினைந்து கடல் மைல், உயரமான கரைக் கோபுரம் என்றால் இன்னும் கொஞ்சம். எச்.எஃப் ரேடியோ அலை வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். பெரிய ஆன்டெனா வேண்டும், நிறைய மின்சாரம் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். மூன்றாவது சாட்டிலைட் போன். இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடத்திய 'குபேர்' படகில் துரயா போன் ஒன்று கிடைத்தது. உரிய அனுமதி இல்லாமல் துரயாவோ இரிடியமோ இந்தியாவில் வைத்திருந்தால் குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இந்தப் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு 2017 நவம்பர் மாதத்தைப் பாருங்கள்.

அந்த நவம்பர் 29 அன்று, இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ஓட்டிவந்த 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகு நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தை அடைந்தது. வழியெல்லாம் வானிலைத் தகவல் சேகரித்துக் கொடுப்பதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அந்தப் படகு எங்கே இருக்கிறது என்று கோவாவில் தெரியும்.

மறுநாள், நவம்பர் 30 காலையில், குமரிக் கடலில் ஒக்கி புயலானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. அவர்கள் தங்குவது வாரக்கணக்கில், போவது நூற்றுக்கணக்கான கடல் மைல். கையில் இருந்ததோ வயர்லெஸ். கரையில் எச்சரிக்கை சொன்னார்கள், கடலில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. கடலில் கூவினார்கள், கரைக்குக் கேட்கவில்லை. வரவும் இல்லை, பற்றும் இல்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 68 படகுகளில் 952 பேர் காற்று தள்ளிய திசையில் போய் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கினார்கள். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்ற சேதி இங்கிருந்துதான் அந்த வீடுகளுக்குப் போனது. டிசம்பர் 5-ல் அதே புயலின் மிச்சத்துக்காக மும்பையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

பத்து மாதம் கழித்து இன்னொரு புயல். 1968 போட்டியின் பொன்விழாவாக அதே பழைய பாணியில் 2018-ல் ஒரு போட்டி. நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியின் அச்சாகக் கோவாவில் கட்டிய 'துரியா' படகில் போனார். ஜி.பி.எஸ் பார்த்து ஓட்டக் கூடாது என்பது விதி. ஆனால் போட்டிக்காரர்கள் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில், குமரிமுனையிலிருந்து சுமார் 2700 கடல் மைல் தூரத்தில், படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் அடி. எழ முடியவில்லை, ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று எழுதி அனுப்பினார். எபிர்ப் இதைச் சொல்லியிருக்காது. நம் அரக்கோணம் ராஜாளி தளத்து பி-8ஐ ரக விமானம் மொரீஷியசிலிருந்து பறந்து படகைக் கண்டுபிடித்தது. 24-ம் தேதி 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. மூன்றே நாள்.

ஒருவருக்கு அத்தனை பேர் ஓடினார்களே என்று நான் குறை சொல்லவில்லை. அப்படித்தான் ஓட வேண்டும். உள்ளங்கையளவு கருவி ஒன்று வித்தியாசம் செய்தது என்பதுதான் விஷயம்.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் 'ஜெமினி'. ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை நடுக்கடலுக்கும் போகும். ஆனால் வரவு மட்டும், மீனவர் பதில் சொல்ல முடியாது. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010-லிருந்தே உண்டு. அது பற்று மட்டும். 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறைதான், "உங்கள் அழைப்பு கிடைத்தது" என்று படகுக்குத் திரும்பச் சொல்கிறது. முத்திரை குத்திய கவுண்டர்ஃபாயில் மாதிரி! அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல், நமக்குப் பக்கத்தில் பால்கரில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 360 கோடி ரூபாய். இதில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகும். சுஹைலிக்காரருக்கு இல்லாத வசதி, விசைப்படகுக்காரருக்கும் வரத் தொடங்கியிருக்கிறது.

2025 மே 29-ல் அதே தாரிணி மறுபடியும் உலகைச் சுற்றிவிட்டுக் கோவா திரும்பியது. இந்த முறை இரண்டே பேர், 238 நாட்கள். ஒருவர் கேரளத்து தில்னா, இன்னொருவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. நம்மூர்ப் பெண் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் முதலில் வந்த நம் பெரியவர்கள் ஊருக்கு எழுதிய கடிதமெல்லாம் 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்கும். அந்த இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்று தபால் அட்டை காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். பாய்மரப் படகோ விசைப்படகோ, கருவி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: நான் போகும் தூரத்திலிருந்து இந்த இரண்டையும் இது சொல்லுமா? ஊரில் ஆழ்கடல் போகும் சொந்தக்காரர் இருந்தால், அடுத்த முறை போனில் கேளுங்கள்: "டிரான்ஸ்பாண்டர் மாட்டியாச்சா? அதுல மெசேஜ் அனுப்பிப் பாத்தீங்களா? பதில் வந்துச்சா?"