'இன்னும் எத்தனை நாள் டாக்டர்?' - தீவிர நோயாளியிடம் மருத்துவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்த பிறகு வடசென்னை மக்களுக்குப் பயணம் சுலபமாகிவிட்டது. ஆனால், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டர் அறைக்குள் நுழையும் அந்த நிமிடம் மட்டும் இன்னும் சுலபமாகவில்லை.

நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மகன் உள்ளே போவார். "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சார், மனசு உடைஞ்சிடுவாரு" என்பார். அடுத்த கேள்வி, "இன்னும் எத்தனை நாள்?" பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக நடப்பதுதான் இது.

விதி என்ன சொல்கிறது?

நோயின் தீவிரத்தை மருத்துவர் பெரிதாக்கியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது என்கின்றன 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள். நோயாளி, உறவினர் அல்லது பொறுப்பான நண்பருக்கு நிலைமை தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இந்த 'அல்லது'வில்தான் சிக்கல். வீட்டாரிடம் சொன்னால் போதும் என நோயாளி விடுபட்டுப் போகிறார்.

எப்படிச் சொல்வது?

2000-ம் ஆண்டு புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த 'ஸ்பைக்ஸ்' முறையில் ஆறு படிகள் உள்ளன.

1. தனியிடத்தில் உட்கார்ந்து பேசுவது.
2. நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் எனக் கேட்பது.
3. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் எனக் கேட்பது.
4. எளிய வார்த்தைகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது.
5. அழுகை, கோபம் வந்தால் அவசரப்படாமல் இடம் கொடுப்பது.
6. அடுத்து என்ன செய்வது எனச் சேர்ந்து திட்டமிடுவது.

மூன்றாவது படி முக்கியம். "எனக்கு வேணாம், பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று நோயாளியே சொன்னால் அது அவர் உரிமை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், மகன் அல்ல.

நாள் கணக்கு சரியாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் 468 நோயாளிகளை வைத்து நடந்து, 2000-ல் வெளியான ஆய்வில், மருத்துவர்களின் கணிப்பில் 20% மட்டுமே சரியாக இருந்தது. 63% கணிப்புகள் உண்மையில் வாழ்ந்ததைவிட அதிக நாளைச் சொல்லியிருந்தன.

'இடைநிலை 8 மாதம்' என்றால் எல்லோருக்கும் 8 மாதம் என்று அர்த்தமில்லை. பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். இப்படி ஒரு புற்றுநோய் 1982-ல் கண்டறியப்பட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட், அதன்பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். அதனால்தான் ஒற்றை எண்ணுக்குப் பதில் "சில மாதங்கள், சில வாரங்கள்" எனச் சொல்வது நல்லது.

மறைத்தால் என்ன?

உடம்பின் மாற்றத்தையும் வீட்டாரின் முகத்தையும் பார்த்துப் பல நோயாளிகள் தாங்களே ஊகித்துவிடுகிறார்கள். பிறகு இரு தரப்பும் நடிக்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கி இன்னொரு சுற்று சிகிச்சையா, வீட்டில் வலி இல்லாமல் இருப்பதா, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய வாய்ப்பே இல்லாமல் போகிறது.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* இந்த சிகிச்சை குணப்படுத்தவா, நாளை நீட்டிக்கவா, வலியைக் குறைக்கவா?
* எடுக்காவிட்டால் என்ன ஆகும்?
* வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் உண்டு. "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று பேச்சு முடிய வேண்டியதில்லை. நோய் குணமாகாவிட்டாலும் வலியைக் குறைக்க வழி இருக்கிறது.