உருண்டைக் கடலும் தட்டைத் தாளும்

தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையைத் தாளில் வரைய எண்கள் தந்த மிகப் பழைய நூல், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் புவிநூல். கொற்கைத் துறைமுகத்தையும், தூத்துக்குடி என்று கால்டுவெல் கருதிய சோசிகூரையையும் அவர் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியலிட்டார். உருண்டையைத் தட்டையில் விரிக்க இரண்டு முறைகளையும் விளக்கினார். முறையில் பெரிய குறையில்லை. மாலுமிகள் வாய்வழி சொன்ன தூரங்களே தவறானவை. அதனால் அவருடைய இந்தியா கூம்பாமல் தட்டையாய்க் கிடக்கிறது. இலங்கையோ பன்மடங்கு பெரிதாய் நிற்கிறது.

கடலோடிகளின் தேவை வேறு. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பல் போனால் அந்தப் பாதை தாளில் நேர்கோடாக விழ வேண்டும். 1569இல் வரைபடக்காரர் மெர்கேட்டர் வெளியிட்ட கோட்டுச்சட்டம், அதாவது உருண்டையைத் தாளில் விரிக்கும் முறை, இதைச் செய்தது. துருவத்தை நெருங்க நெருங்க அட்சரேகைகளின் இடைவெளியை அது கூட்டிக்கொண்டே போகும். பரப்பளவு கெடும், கோணம் கெடாது. அதற்கான கணித அட்டவணையை எட்வர்டு ரைட் 1599இல் அச்சிட்டார். தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 8.8 பாகையில் இருப்பதால் இங்கே நீட்சி 1.2 விழுக்காடுதான், லண்டனில் அது 60 விழுக்காடு. நிலநடுக்கோட்டு அளவுகோலை வைத்து அளந்தால் 20 கிலோமீட்டர் தூரம் 240 மீட்டர் கூடுதலாகத் தெரியும். தாளின் பக்க ஓரத்து அட்சரேகை அளவுகோலில் ஒரு கலையை (பாகையில் அறுபதில் ஒரு பங்கை) ஒரு கடல் மைலாக எடுத்து அளக்கும் மாலுமிக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களில் முங்கிய பரதவர்களுக்குத் தாளே தேவைப்படவில்லை. தொலாயிரம் பார், புலிப்புண்டுப் பார் முதலியவை கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. கடலில் அடையாளம் ஏதும் கிடையாது. கரையில் கிட்டத்திலும் தூரத்திலும் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தினால் படகு ஒரு கோட்டின்மேல் இருக்கிறது என்று பொருள். வேறொரு ஜோடி அதேபோல் பொருந்தும் இடத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும்; பார் அங்கே. கோபுரமோ பனையோ கண்ணில் படுவதற்கும் எல்லை உண்டு: படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், 20 மீட்டர் பனையின் உச்சி ஏறத்தாழ 21 கிலோமீட்டருக்கு அப்பால் முழுகிவிடும். தாழ்ந்த கரையில் திருச்செந்தூர்க் கோபுரமும் தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயமும் உயர்ந்து நிற்பதன் மதிப்பு இங்கே புரியும். முத்துக்குளிப்பு அறிவித்தபின் அரசு பாரின் எல்லையில் கொடிகட்டிய மிதவைகளை நாட்டியது. தூத்துக்குடியில் கடைசிப் பெருங்குளிப்பு 1961இல் நடந்தது.

நிலத்தில் இதே வெட்டுக்கோட்டு முறையை நில அளவையாளர் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கினார். முக்கோணச் சங்கிலி பின்னர் குமரிமுனை வரை இறங்கியது. இந்திய நில அளவைத் துறை தாள்களுக்குப் புவியின் வடிவமாக எவரெஸ்ட் கோளவுருவையும் பல்கூம்புக் கோட்டுச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டது. அட்சரேகைதோறும் தனிக் கூம்பு வைத்து ஒவ்வொரு தாளையும் தனித்தனியே வரைவதால் ஒரு தாளுக்குள் பிழை மிகக் குறைவு. பல தாள்களை எல்லாப் பக்கமும் ஒட்டினால் விளிம்புகள் இடைவெளிவிடும்.

தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை. கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் பெருந்துறைமுகமாகி, ஆழ்கடல் கப்பல் கரையை நெருங்கியபின் ஆழக் கணக்கில் சில மீட்டர் வேறுபாடுகூடப் பெரிதாயிற்று. இன்று டேராடூனிலுள்ள, கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகம் மின்னணு வரைபடங்களை வெளியிடுகிறது. கோப்பில் இருப்பது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். கணினி அவற்றை நொடிக்கு நொடி மெர்கேட்டர் சூத்திரத்தால் திரையில் விரிக்கிறது. எண்கள் எந்தக் கோளவுருவுக்குரியவை என்பதைக் கவனிக்க வேண்டும்: எவரெஸ்ட் கோளவுருவின் எண்களை மாற்றாமல் இன்றைய செயற்கைக்கோள் கணக்கில் வைத்தால், இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகும்.

மாலுமிப் பயிற்சித் திரைகளில், கண் காணும் காட்சியைத் தட்டையில் விரிக்கும் வேறொரு முறையும் சேர்கிறது. கலங்கரைவிளக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் அது பார்வையாளரிடமிருந்து இருக்கும் தொலைவால் கணினி வகுக்கிறது. இரட்டைத் தொலைவில் நிற்பது பாதி உயரமாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தில் தூரத்தை அளக்க முடியாது. அதற்கு மாலுமி பக்கத்துத் திரையிலிருக்கும் மெர்கேட்டர் படத்தையே பார்க்கிறார்.