விண்மீன்களைக் கற்பித்த குரு: அருள்தந்தை ஜார்ஜ் காய்ன்



“பள்ளியில் பெருவெடிப்பு என்கிறார்கள், பரிணாமம் என்கிறார்கள். மறைக்கல்வியில் ஆறு நாள் படைப்பு என்கிறீர்கள். பிள்ளை எதை நம்புவது, ஃபாதர்?” இவ்வினாவை உங்களுள் பலர் என்னிடம் எழுப்பியுள்ளீர்கள். அதன் அடியில் கிடக்கும் அச்சமும் எனக்குத் தெரியும். புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் பிள்ளை, அறிவியல் படிக்கப் படிக்க ஆலயப் படியை மறந்துவிடுமோ என்னும் அச்சம் அது. இன்று அதற்கு மறையுரை ஒன்றைத் தராமல், ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்கிறேன். 28 ஆண்டுகள் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தை வழிநடத்திய இயேசு சபைக் குரு ஜார்ஜ் காய்ன் அவர்.

1933 சனவரி 19 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்த காய்ன், 18ஆம் வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். தொடக்ககாலப் பயிற்சி பென்சில்வேனியா மாநிலத்தின் வெர்னர்ஸ்வில் என்னும் ஊரில் நடந்தது. அங்கே செம்மொழி இலக்கியம் கற்பித்த குரு ஒருவர், இம்மாணவரின் மனம் வானத்தின்மேல் இருப்பதைக் கண்டுகொண்டு ஊக்கமூட்டினார். விளக்கணைக்கும் மணி அடித்தபின் போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு வானியல் நூல்களைப் படித்ததைக் காய்ன் பிற்காலத்தில் மகிழ்வோடு நினைவுகூர்வார். குருமடத்து இரவு மணி எத்துணைக் கண்டிப்பானது என்பதை அங்கே வாழ்ந்தவர்களே அறிவர். ஆகவே அந்த ஆசிரியர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கணிதமும், இயேசு சபை வழக்கப்படி மெய்யியலும் கற்றார். நிலவின் மேற்பரப்பை ஆராய்ந்து 1962இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1965இல் குருவாக அருள்பொழிவு பெற்றபின் அரிசோனா பல்கலைக்கழகம் அவரை ஈர்த்துக்கொண்டது.

அவருடைய ஆய்வுத்துறை ஒளியின் முனைவாக்கம். வெயில் கண்ணாடி அணிந்து கடல்நீரைப் பார்த்தால் கண்கூசும் ஒளி தணிகிறதல்லவா? ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வதையே முனைவாக்கம் என்கிறோம். அத்தகைய ஒளியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. விண்மீன்களின் ஒளியும் இடைவெளியில் மிதக்கும் நுண்தூசைக் கடந்து வரும்போது இவ்வாறு மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால், கண்ணுக்குப் புலப்படாத தூசின் இயல்பையும் அறியலாம். பொறுமையையே முதலாகக் கேட்கும் பணி இது.

1978இல் 33 நாள்களே ஆட்சிசெய்த திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் எடுத்த மிகச் சில முடிவுகளுள் ஒன்று, 45 வயதுக் காய்னை வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக நியமித்ததாகும். திருச்சபை அறிவியலுக்குப் பகையன்று எனக் காட்டும் பொருட்டுத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் புத்துயிர் அளித்த நிறுவனம் அது. உரோமையின் விளக்கொளி வானை மறைத்தபோது 1930களில் காஸ்தெல் கந்தோல்ஃபோவுக்கு இடம்பெயர்ந்தது. அவ்வொளி அங்கும் துரத்தி வந்தது. எனவே 1981இல் அரிசோனாவின் தூசான் நகரில் இரண்டாம் ஆய்வுக்குழுவைக் காய்ன் நிறுவினார். கிரகாம் மலையில் 1.8 மீட்டர் கண்ணாடி கொண்ட வத்திக்கான் தொலைநோக்கி 1993இல் அர்ப்பணிக்கப்பட்டது. சுழலும் உலையில் வார்க்கப்பட்ட அக்கண்ணாடி, அக்காலத்தில் புதிய தொழில்நுட்பத்தின் முன்னோடி.

ஆனால் தொலைநோக்கியைவிட ஒரு பள்ளிக்கூடத்தையே அவருடைய பெரும்பணியாக நான் கருதுகிறேன். 1986இல் காஸ்தெல் கந்தோல்ஃபோவில் வானியல் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஈராண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 25 இளையோர், நான்கு வாரம். கற்பிப்போர் உலகின் முன்னணி வானியலாளர்கள். கட்டணம் கிடையாது. பெரும்பான்மையோர் வளரும் நாடுகளிலிருந்து வரவேண்டும், ஒரு நாட்டிலிருந்து இருவருக்குமேல் கூடாது என்பது விதி. மாணவரின் சமயம் எதுவெனக் கேட்பதில்லை. செல்வநாடுகளின் பிள்ளைகளுக்கு எப்படியும் கதவு திறக்கும். வானத்தைப் படிக்க விரும்பும் ஏழைநாட்டுப் பிள்ளைக்கு யார் திறப்பார்? அவ்விதிக்குப் பின்னால் இக்கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குருவுக்குரிய கேள்வி அது.

கற்பிப்பவன் தன் வீட்டைப் பற்றியும் உண்மை பேசவேண்டும். இந்தச் சோதனை காய்னுக்குக் கலிலேயோ வழக்கில் வந்தது. அவ்வழக்கை மறுபடி ஆராய 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆணையம் ஒன்றை அமைத்தார். அதில் காய்னும் பணியாற்றினார். 1992 அக்டோபர் 31 அன்று ஆணையத்தின் பணி நிறைவுற்றது. பலர் அத்துடன் வழக்கு முடிந்தது என்றனர். காய்ன் அவ்வாறு எண்ணவில்லை. பழி ‘அக்கால இறையியலாளர்கள்’ மீது பொதுவாகச் சுமத்தப்பட்டதேயன்றி, தீர்ப்பளித்த திருச்சபை நீதிமன்றமோ, கொப்பர்நிக்கசின் நூலைத் தடைசெய்த பேராயமோ, அன்றைய திருத்தந்தையரான ஐந்தாம் பவுலும் எட்டாம் உர்பானுமோ பெயர் சுட்டப்படவில்லை எனப் பின்னர் வெளிப்படையாக எழுதினார். கவனியுங்கள்: வத்திக்கானின் பணியில் இருந்தவர், வத்திக்கானின் முடிவைப் பற்றி எழுதுகிறார். இதைக் கீழ்ப்படியாமை என்போர் இருப்பர். எனக்கோ, வீட்டின் மூத்த பிள்ளை தன் வீட்டைப் பற்றிப் பொறுப்புடன் பேசும் பேச்சாகவே இது படுகிறது.

இதே திருத்தந்தைதான் 1988 சூன் 1 அன்று, அறிவியலும் சமயமும் ஒன்றையொன்று செம்மைப்படுத்த வேண்டும் என நீண்ட கடிதம் ஒன்றைக் காய்னுக்கு எழுதினார் என்பதையும் மறவாதிருப்போம்.

2005இல் மற்றொரு புயல். வியன்னாவின் கர்தினால் ஷோன்போர்ன் அமெரிக்க நாளிதழ் ஒன்றில், பரிணாமக் கொள்கை குறித்து ஐயம் எழுப்பி எழுதினார். காய்ன் இலண்டனின் கத்தோலிக்க வார இதழான ‘த டேப்லட்’ வழியாக மறுத்தார். அவர் வாதத்தின் சாரம் இது: அறிவியலுக்கு விளக்கத் தெரியாத இடைவெளிகளில் கடவுளை நிரப்பாதீர்கள்; நாளை அவ்விடைவெளி மூடப்படும்போது கடவுளும் வெளியேற்றப்படுவார். அண்டத்திற்குத் தானே வளரும் ஆற்றலைக் கடவுள் அருளினார். வளரும் பிள்ளையைக் கைப்பிடியிலிருந்து விட்டு, அது தானே தேர்ந்து நடப்பதைக் காத்திருந்து பார்க்கும் பெற்றோரைப் போன்றவர் அவர். பெற்றோராகிய உங்களுக்கு இவ்வுவமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்த மேடையையும் அவர் ஒதுக்கவில்லை. சமயங்களை எள்ளி நகையாட எடுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டின் ‘ரெலிஜுலஸ்’ ஆவணப்படத்திலும் குருவின் கழுத்துப்பட்டையுடன் தோன்றினார். விவிலியம் எழுதப்பட்ட காலத்துக்கும் நவீன அறிவியல் பிறந்த காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன, அதில் அறிவியலைத் தேடுவது எப்படிப் பொருந்தும் எனப் பொறுமையாக வினவினார். தொடக்க நூல் யார் படைத்தார் என்று கூறுகிறது. எத்தனை கோடி ஆண்டுகளில், எவ்வழியே என்பதை அது கூற முற்படவில்லை. உங்கள் பிள்ளையின் வினாவுக்கு நானும் இதையே விடையாகச் சொல்வேன்.

2006இல், 73ஆம் வயதில், இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். பரிணாமம் பற்றிய கருத்துக்காக நீக்கப்பட்டார் எனச் சில ஊடகங்கள் எழுதின. உடன் பணியாற்றியோர் அதை மறுத்தனர். எண்பதை நெருங்கிய வயதில் ஓய்வெடுக்காமல், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரிலுள்ள இயேசு சபையின் லெ மாய்ன் கல்லூரிக்குச் சென்று, இளங்கலை மாணவர்க்கு வானியல் கற்பிக்கலானார். பொதுமக்களுக்கும் சொற்பொழிவாற்றினார். நம் உடலின் கரிமம் முன்பு இறந்த விண்மீன்களின் வயிற்றில் வெந்தது என்பதை அவர் விளக்கிக்கொண்டே இருந்தார். 2020 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், 87ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 14429 என்னும் எண்ணுடைய சிறுகோள் ஒன்று அவர் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றிவருகிறது.

கோடைப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலைத் தொடக்கத்திலோ இயற்பியல், வானியல் பயிலும் எவரும் விண்ணப்பிக்கலாம். விவரங்கள் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் இணையதளத்தில் உள்ளன. நம் பங்கில் அப்படிப்பட்ட பிள்ளைகள் மூவர் இருப்பதை நான் அறிவேன். பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னை வந்து பாருங்கள்.