கோவை குற்றாலம் டு முட்டம் கோட்டைக்காடு.. ஒரே நாளில் அருவியும் பழைய ஊரும்! எப்படி போகலாம்? எங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது?

லீவு நாள் காலையில் பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். பைக், கார், வேன் என்று வரிசையாக மேற்கே போய்க்கொண்டே இருக்கும். பாதிப் பேருக்கு கோவை குற்றாலம், மீதிப் பேருக்கு பூண்டி, வெள்ளியங்கிரி. ஆனா சாடிவயல் செக்போஸ்ட் வரை போன பிறகுதான், "இன்னைக்கு அருவிக்கு அனுமதி இல்லை" என்ற போர்டையே பலர் பார்க்கிறாங்க.

பிரச்சினை ஆரம்பிப்பதும் அங்கேதான். இவ்வளவு தூரம் வந்தாச்சு, சும்மா திரும்புவானேன் என்று வழியில் தெரியும் தடுப்பணையிலோ ஓடையிலோ இறங்கிடறாங்க. அருவியை விட ஆபத்தான இடம் அது.

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம், எந்த வரிசையில் போகணும், அருவியை ஏன் மூடறாங்க, எந்தத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது? முழு விவரம் இதோ.

மாயன் ஊருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

மெக்சிகோவின் யுகாட்டன் பகுதிக்கு டூர் போறவங்க, ஒரே நாளில் ரெண்டு விஷயம் பார்ப்பாங்க. ஒண்ணு, சிச்சென் இட்சா மாதிரியான மாயன் இடிபாடுகள். இன்னொண்ணு, 'செனோட்டே' எனப்படும் இயற்கை நீர்க்குழிகள். சுண்ணாம்புப் பாறையின் மேற்கூரை இடிந்து விழுந்து, அடியில் இருக்கும் நிலத்தடி நீர் வெளியே தெரியும் குளம்தான் செனோட்டே. அந்தப் பகுதியில் தரைமேல் ஓடும் ஆறுகள் அபூர்வம். அதனால் தண்ணீர் இருந்த இடத்தில்தான் ஊர் அமைந்தது.

நம்ம பக்கமும் இதே கணக்குதான். இங்கே குழிக்குப் பதிலாக ஆறு. வெள்ளியங்கிரி மலையடிவாரத்து ஓடைகள் ஒன்று சேர்ந்து நொய்யலாகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக சுமார் 180 கிலோமீட்டர் ஓடி காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றின் தலைமாட்டில்தான் அருவியும் இருக்கு, பழைய ஊரும் இருக்கு.

எந்த வரிசையில் போகணும்?

பலர் செய்யும் தப்பு, போகும் வழியிலேயே பேரூர் கோயிலில் இறங்கி அரை நாளை முடித்துவிடுவது. அருவிக்குப் போய்ச் சேரும்போது நேரம் முடிஞ்சிருக்கும். கோயில் நடையும் மதியம் சாத்திடுவாங்க. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்க.

காலை: கோவை குற்றாலம்
மதியம்: முட்டம், போளுவாம்பட்டி
மாலை: பேரூர் பட்டீசுவரர் கோயில்

இப்படிப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. இருட்டும் நேரத்தில் நீங்க காட்டோரச் சாலையில் இருக்க மாட்டீங்க. அது ஏன் முக்கியம் என்பதை கீழே பார்ப்போம்.

கோவை குற்றாலம்: உள்ளே என்ன நடைமுறை?

கோவையிலிருந்து மேற்கே சுமார் 37 கிலோமீட்டர் தூரத்தில், சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கிறது இந்த அருவி. போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் வருது. சாடிவயல் வரை டவுன் பஸ் உண்டு. சொந்த வண்டியில் வந்தாலும் செக்போஸ்ட்டோடு நிறுத்திடணும். டிக்கெட் எடுத்த பிறகு வனத்துறை வண்டியில் காட்டுக்குள் கூட்டிப்போவாங்க. கடைசித் தூரம் நடைதான்.

பிளாஸ்டிக், மது ரெண்டுக்கும் அனுமதி கிடையாது. வழக்கமாக திங்கட்கிழமை விடுமுறை. நுழைவு நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன்பு வனத்துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அருவித் தண்ணிதான் வீட்டுக் குழாயில் வருதா?

பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. பதில், இல்லை. கோவைக்காரங்க ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லும் சிறுவாணி குடிநீர், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சிறுவாணி அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாக இந்தப் பக்கம் வருது. சிறுவாணி ஆறு பவானியின் துணையாறு. கோவை குற்றாலத்தில் விழும் தண்ணீரோ நொய்யலுக்குப் போகும் தண்ணீர். மலை ஒண்ணுதான், ஆறு வேற.

ஊருக்குள் வெயில்.. அருவிக்கு ஏன் தடை?

"மழையே இல்லையே, எதுக்கு மூடியிருக்காங்க?" என்று செக்போஸ்ட்டில் சண்டை போடுபவர்கள் உண்டு. காரணம் ரொம்ப எளிது. அருவியில் விழுவது ஊருக்குள் பெய்த மழை இல்லை, மலையுச்சியில் பெய்த மழை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கோவை நகரத்தில் தூறல் மட்டும் இருக்கும். அதே நேரத்தில் சிறுவாணி மலையில் கொட்டித் தீர்க்கும். அந்த நீர் சரிவில் இறங்கி வரும்போது, அருவியில் சில நிமிஷத்திலேயே வெள்ளம் ஏறிடும்.

அனுமதி உள்ள நாளிலும் இந்த அடையாளங்களைக் கவனிங்க:

* தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறுவது
* இலை, குச்சி, சருகு அதிகமாக மிதந்து வருவது
* அருவிச் சத்தம் கூடுவது
* காலடியில் தெரிந்த பாறை மூழ்குவது

இதில் ஒண்ணு தெரிந்தாலும் சோப்பு, செருப்பு எதையும் எடுக்கத் திரும்பாதீங்க. உடனே கரையேறிடுங்க. எதிர்க்கரைப் பாறையில் உட்கார்ந்து போட்டோ எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வாங்க. தண்ணீர் ஏறினால் திரும்பி வர வழி இருக்காது.

எங்கெல்லாம் இறங்கவே கூடாது?

தடுப்பணைகள்: நொய்யலிலும் அதன் ஓடைகளிலும் அணைக்கட்டுகள், தடுப்பணைகள் நிறைய உண்டு. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாகக் குளங்களுக்குத் தண்ணீர் போவது பல நூற்றாண்டுப் பழமையான ஏற்பாடு. பார்க்க முழங்கால் அளவுதான் தெரியும். ஆனா சுவரைத் தாண்டி விழும் தண்ணீர், அடியில் சுழன்று மறுபடியும் சுவரை நோக்கியே இழுக்கும். நல்லா நீச்சல் தெரிந்தவர்களையும் வெளியே விடாது. மண் எடுத்த பள்ளம் இருந்தால், ஒரு அடி தள்ளி வைத்ததும் ஆள் உயர ஆழம் இருக்கும்.

வைதேகி நீர்வீழ்ச்சி: நரசீபுரம் பக்கம் காட்டுக்குள் இருக்கும் அருவி. 1984-ல் வெளியான 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்துவிட்டதாகச் சொல்றாங்க. யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கிளம்பிடாதீங்க. பொதுமக்கள் போக வனத்துறை தடை விதித்த இடம் இது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போனால் வழக்கும் அபராதமும் வரும்.

யாராவது மூழ்கினால்? பின்னாலேயே குதிக்காதீங்க. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடப்பது. கயிறு, துப்பட்டா, வேட்டி, நீளமான கொம்பு, எது கிடைத்தாலும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்க. 112 அல்லது 108-க்கு போன் செய்யுங்க. காட்டுக்குள் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது என்பதையும் மனசுல வெச்சுக்கணும்.

முட்டம், கோட்டைக்காடு: வயலுக்கு அடியில் ஒரு ஊர்

அருவியிலிருந்து திரும்பும்போது இருட்டுப்பள்ளத்தில் பூண்டி ரோட்டுக்குத் திரும்பினால், செம்மேடு பக்கம் முட்டம். இங்குள்ள நாகேசுவரர் கோயில் கொங்குச் சோழர் காலத் தொடர்புடையது. அம்மன் பெயர் முத்துவாளியம்மன். கூட்டம் இருக்காது, மலை பின்னணியில் கல் கோயில், அமைதியாக உட்காரலாம்.

இந்த வட்டாரத்தின் பெரிய ரகசியம் மண்ணுக்குள் இருக்கு. போளுவாம்பட்டியில் கோட்டைக்காடு என்று மக்கள் சொல்லும் இடத்தில், 1979 முதல் 1981 வரை தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. பானை ஓடுகள், மணிகள், சுடுமண் உருவங்கள் கிடைத்தன. இன்னைக்கு அமைதியான கிராமமாகத் தெரியும் இடத்தில், ஒரு காலத்தில் ஆளும் பேருமாக ஊர் இருந்திருக்கு.

சிச்சென் இட்சா மாதிரி பிரமிடு இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வயலும் தோப்பும்தான் கண்ணில் படும். தோட்டத்துக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. தரையில் பானை ஓடு கிடந்தால் பார்க்கலாம், பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறே இருக்கு. வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

இங்கே ஏன் ஊர் வந்தது?

வழிதான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவில் வணிகர்கள் போய்வந்த பாதை இது. கோவை அருகே வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள், அதாவது ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை.

சுண்டக்காமுத்தூர் பக்கம் மலைப்பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' கல்வெட்டு இருக்கிறது. தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்டது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அதாவது 9-ம் நூற்றாண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் காலத்து நெடுஞ்சாலை போர்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் பேரூர்

கடைசியாக பேரூர் பட்டீசுவரர் கோயில். கொங்கு மக்கள் 'மேலைச் சிதம்பரம்' என்று சொல்லும் தலம். 17-ம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் கட்டிய கனகசபை மண்டபத்தை அவசரமில்லாமல் பாருங்க. ஊர்த்துவ தாண்டவம், கஜசம்ஹாரம் என்று தூணுக்குத் தூண் சிற்பம். மேலே அண்ணாந்து பார்த்தால் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி. 'பிறவாப் புளி, இறவாப் பனை' கதையை ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுவாங்க. ஆனி மாதம் சுவாமியும் அம்மனும் வயலில் இறங்கி நாற்று நடும் விழா இங்கே பிரசித்தம்.

யானை வழியில் நாம போறோம்

இந்த மலையடிவாரம் முழுக்க யானைகள் நடமாடும் பகுதி. தோட்டத்தில் வாழை, தென்னை, சோளம் இருந்தால் இரவில் இறங்கி வரும். யானை நடமாட்டம் இருந்தாலும் அருவி மூடப்படும். ரோட்டில் யானை நின்றால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்க. ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டை அடித்து அடித்துக் காட்டக் கூடாது, செல்பிக்கு இறங்கவே கூடாது. இருட்டுவதற்குள் மெயின் ரோட்டுக்கு வந்துடணும்.

வழிகாட்டியோடு போக வழி இருக்கா?

இருக்கு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் அறிவிக்கப்பட்டன. அதில் சாடிவயல் - சிறுவாணி பாதையும் ஒண்ணு. ஆன்லைனில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவாங்க. காட்டுத்தீ காலத்தில் இந்தப் பாதைகள் மூடப்படும்.

குடும்பத்தோடு போறவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு, காரமடை வனச்சரகத்தில் உள்ள பரளிக்காடு. பழங்குடி மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இது. பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் பரிசல் பயணம், மதியச் சாப்பாடு, பிறகு ஆற்றுக் குளியல் என்று ஒரு நாள் முழுக்க. இதற்கும் முன்பதிவு அவசியம்.

கிளம்பும் முன்பு ஒரு நிமிஷம்

* அருவி திறந்திருக்கா என்று முதல் நாள் இரவும், காலையிலும் பாருங்க
* துணிப்பை, ஸ்டீல் பாட்டில், மாற்றுத் துணி, பாறையில் வழுக்காத செருப்பு
* குழந்தைகளை எப்பவும் கை எட்டும் தூரத்தில் வைத்திருங்க
* பாறை மேலிருந்து தலைகீழாகக் குதிக்க வேண்டாம்
* அருவி மூடியிருந்தால் முட்டம், பேரூர் என்று திட்டத்தை மாத்திக்குங்க

அருவி அடுத்த வாரமும் அங்கேயேதான் விழும். செக்போஸ்ட்டில் "இன்னைக்கு இல்லைங்க" என்று சொன்னால், வண்டியைத் திருப்பிடுங்க.