'கிளிஷே'ன்னா என்ன? அச்சுக்கூடத்தில் பிறந்த வார்த்தை!

சேலம்னா 'மாங்கனி நகரம்', நாமக்கல்னா 'முட்டை நகரம்'. செய்திகளில் படித்துப் படித்து அலுத்துப்போச்சா? இப்படித் தேய்ந்துபோன சொற்றொடர்தான் 'கிளிஷே'. தமிழில் 'தேய்வழக்கு'.

எங்கிருந்து வந்தது?

இது பிரெஞ்சு அச்சுத்தொழில் சொல். 19ஆம் நூற்றாண்டில், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வார்த்தெடுத்த உலோகத் தகட்டுக்கு இந்தப் பெயர். உருகிய உலோகத்தில் அச்சு விழும் சத்தமே பெயரானது என்பார்கள். 'ஸ்டீரியோடைப்' என்பதும் அதே தகடுதான்.

இதில் என்ன சிக்கல்?

'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.' ஓமலூரில் விபத்து நடந்தாலும் இதே வரி, ராசிபுரத்தில் நடந்தாலும் இதே வரி. இறந்தவர் யாரு, அந்தச் சாலையில் என்ன கோளாறு என்று சொல்லாமலே செய்தி முடிந்துவிடும். படிக்கிறவங்க விரலும் நிற்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடும்.